துணை மானியக் கோரிக்கை: பட்ஜெட் முடிந்த பிறகும் அரசு ஏன் சபையில் பணம் கேட்கிறது? டெல்டாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

எல்லாருக்கும் வணக்கம். குளிர்காலக் கூட்டத்தொடர் வந்தாலே ஒரு செய்தி தவறாமல் வருகிறது. கூடுதல் செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கோரி துணை மானியக் கோரிக்கை தாக்கல் என்று நாலு வரி, அதில் வாயைப் பிளக்க வைக்கும் ஒரு தொகை. சில நாள் கழித்து நிறைவேறியது என்று இன்னும் நாலு வரி. அவ்வளவுதான். நம் சட்டமன்றத்திலும் இப்படித்தான் நடக்கிறது.

ஊரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்தான் வரும். "கஜானா காலி, அதான் மறுபடி கேக்குறாங்க" என்பது ஒன்று. "இவங்களுக்கு பட்ஜெட் போடவே தெரியலை" என்பது இன்னொன்று. இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை.

நான் கேட்க வந்தது இதுதான். பட்ஜெட் போட்டு, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை எல்லாம் நிறைவேறி, சட்டமும் ஆன பிறகு எதற்கு மறுபடி? அறுப்புக்கு நிற்கும் சம்பா மழையில் சாய்ந்தால் அரசு நிவாரணம் அறிவிக்கிறதே, அந்தப் பணம் இந்த ஒப்புதலுக்காகத்தான் காத்துக் கிடக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

தம்பி, நல்ல கேள்வி. கருவூலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 266ஆவது பிரிவை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அரசுக்கு வரும் வரி, வாங்கும் கடன் எல்லாம் தொகுப்பு நிதியில் சேரும். சட்டத்தின் அனுமதி இல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது. பிரதமரே சொன்னாலும் போகக் கூடாது. அந்த அனுமதியைத் தருவதுதான் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம். அதுவும் மொத்தமாக "இவ்வளவு லட்சம் கோடி செலவு பண்ணிக்கொள்" என்று தருவதில்லை. ஒவ்வொரு மானியக் கோரிக்கைக்கும் தனித்தனி வரம்பு உண்டு. உரத்துக்கு வாங்கிய அனுமதியில் ரயில் பாதை போட முடியாது.

இந்த அனுமதி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான். நடுவில் ஒரு தலைப்பில் பணம் போதாமல் போகலாம். பட்ஜெட்டில் இல்லாத புதுச் செலவு வரலாம். அப்போது அரசு மறுபடி சபைக்கு வர வேண்டும் என்று 115ஆவது பிரிவு சொல்கிறது. மாநிலத்துக்கு அதே விதி 205ஆவது பிரிவில் இருக்கிறது. பட்ஜெட் போன அதே பாதையில்தான் இதுவும் போகும்: கோரிக்கை, விவாதம், வாக்கெடுப்பு, பிறகு நிதி ஒதுக்கீட்டு மசோதா. மாநிலங்களவைக்குக் கோரிக்கை மீது வாக்கு கிடையாது. மசோதா மட்டும் அங்கே போகும், 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ஆக, துணை மானியக் கோரிக்கை வருவதை வைத்துக் கஜானா காலி என்று சொல்லிவிட முடியாது. கஜானாவில் பணம் நிறைந்து கிடந்தாலும் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் வருகிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. ராஜா கையெழுத்துப் போட்டால் பணம் வரும் என்ற காலத்திலிருந்து இங்கே வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று!

உரக்கடை (குடவாசல்)

டெல்டாவுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, கடையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

2022 நினைவிருக்கும். மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்தார்கள். குறுவைக்கு ஜனம் முன்னாடியே இறங்கிவிட்டது, அடியுரத்துக்கு டிஏபி கேட்டு வந்தார்கள். மூட்டை 1,350 ரூபாய். உலகச் சந்தையில் விலை அப்போது எங்கேயோ போய்விட்டது. அந்த ஏப்ரலில் மத்திய அமைச்சரவை டிஏபி மூட்டை ஒன்றுக்கு 2,501 ரூபாய் மானியம் என்று முடிவு செய்தது. அதாவது விவசாயி தந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை அரசு தந்தது. அந்த மானியம் இல்லையென்றால் ஒரு மூட்டை 3,851 ரூபாய். எங்கள் பக்கம் குத்தகைக்குச் செய்கிறவர் யாரும் அந்த விலைக்குத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பட்ஜெட் போட்டது 2022 பிப்ரவரி 1. உக்ரைன் போர் தொடங்கியது பிப்ரவரி 24. பட்ஜெட்டில் உரத்துக்கு வைத்தது சுமார் 1.05 லட்சம் கோடி. டிசம்பரில் வந்த முதல் தொகுதி துணை மானியக் கோரிக்கையில் உரத்துக்கு மட்டும் கேட்டது 1.09 லட்சம் கோடி. முதலில் வைத்ததை விட அதிகம். இதைத்தான் "பட்ஜெட் போடத் தெரியலை" என்கிறார்களா? போர் வரும் என்று பிப்ரவரி 1ஆம் தேதி யாருக்குத் தெரியும்?

கடைக்கு வருகிறவர் பிஓஎஸ் மெஷினில் கட்டைவிரலை வைக்கிறார், சில நேரம் ரேகை விழாது, வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். ரசீது வருகிறது. அந்த விற்பனை பதிவான பிறகுதான் கம்பெனிக்கு மானியம் போகும். கம்பெனிக்குப் பணம் தாமதமானால் அடுத்த லோடு தாமதமாகும். டில்லியில் அந்த நாலு வரிச் செய்தி நின்றுபோனால் இங்கே கடை வாசலில் வரிசை நிற்கும். இதை நேரில் பார்த்தவன் நான்.

மன்னார்குடி மாணவி

அண்ணா, ஒரு சந்தேகம். மானியம் அறிவித்தது ஏப்ரலில். குறுவைக்கு உரம் விற்றது ஜூனில். சபை ஒப்புதல் தந்தது டிசம்பரில். அப்படியென்றால் அனுமதி இல்லாமலே செலவு செய்துவிட்டுப் பிறகு கேட்டார்களா? நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், புத்தகத்தில் இது தெளிவாக இல்லை.

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

சரியான இடத்தில் கேட்டாய், பாப்பா. அப்படி இல்லை. ஏற்கெனவே அனுமதி வாங்கிய 1.05 லட்சம் கோடி இருந்தது அல்லவா, முதலில் அதிலிருந்துதான் செலவு போனது. விலை ஏறியதால் வருடம் முழுக்க வர வேண்டிய தொகை சீக்கிரமே கரைந்தது. வரம்பைத் தாண்டும் முன் சபைக்கு வந்துவிட்டால் அது முறைதான்.

வரம்பைத் தாண்டிய பிறகு வந்தால் அதற்கு மிகைச் செலவு மானியம் என்று தனி ஏற்பாடு. வருடம் முடிந்து, கணக்கு முடிந்து, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. அதைச் சுட்டிக்காட்டி, பொதுக் கணக்குக் குழு விசாரித்து, அப்புறம்தான் சபை அதை முறைப்படுத்தும். இது பெருமைப்படும் விஷயம் இல்லை. அனுமதியில்லாமல் எடுத்தாகிவிட்டது, இனி ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்பது. பல மாநிலங்களில் இப்படிப்பட்ட தொகைகள் வருடக்கணக்கில் முறைப்படுத்தாமல் கிடக்கின்றன என்று தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. துணை மானியக் கோரிக்கையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மன்னார்குடி மாணவி

நன்றி ஐயா. இன்னொன்று. 2022 டிசம்பர் கோரிக்கை மொத்தம் 4.36 லட்சம் கோடி, ஆனால் நிகரமாக வெளியே போகும் பணம் 3.26 லட்சம் கோடி என்று படித்தேன். மீதி எங்கே போனது? சில தலைப்புகளில் வெறும் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் கேட்கிறார்கள். கோடிகளில் புழங்கும் அரசு ஒரு லட்சத்துக்கு ஏன் நாடாளுமன்றம் போகிறது?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

இதற்கு நான் சொல்லிப் பார்க்கிறேன், ஐயா சரிபார்க்கட்டும். ஆற்றில் வரும் தண்ணீர் அதேதான். ஒரு வாய்க்காலில் மிஞ்சியதை ஷட்டரை மாற்றி இன்னொரு வாய்க்காலுக்குத் திருப்புகிறோம். மேட்டூரிலிருந்து புதுத் தண்ணீர் கேட்கவில்லை, ஆனாலும் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் முறையை மாற்றித் தன்னிஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, உத்தரவு வேண்டும். அந்த 1.10 லட்சம் கோடி சொச்சம் அப்படித்தானே? ஒரு துறையில் மிஞ்சியதும் திரும்ப வந்ததும் இன்னொரு இடத்துக்குப் போகிறது.

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

அதேதான். புதுப் பணம் வெளியே போவது ரொக்கக் கோரிக்கை. மிச்சத்தையும் வரவையும் வைத்து ஈடுகட்டுவது இன்னொரு வகை. ஒரு லட்சம் கேட்பது அடையாளத் தொகை. ஒரே மானியத்துக்குள் பணம் மிஞ்சியிருக்கிறது, ஆனால் செய்யப்போகும் வேலை புதியது, சபை இதுவரை பார்க்காதது. பணம் இருக்கிறதே என்று அதிகாரி தானாகச் செய்துவிடக் கூடாது. ஆகவே ஒரு வேலைக்கு ஒரு லட்சம் என்று அடையாளமாகக் கேட்டு, வேலைக்கு அனுமதி வாங்குகிறார்கள். தொகையைப் பார்த்து அலட்சியம் செய்யாதீர்கள். பல நூறு கோடித் திட்டம் ஒரு லட்சம் என்ற வரிக்குப் பின்னால் நிற்கும்.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

எல்லாம் படித்தேன். ஐயா எழுதியது எல்லாம் சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த மழையைச் சொல்கிறேன். அறுக்க வேண்டிய சம்பா தண்ணீரில் படுத்துவிட்டது. கதிரைப் பிடித்துத் தூக்கினால் அடியில் முளைத்திருந்தது. மிஷினும் இறங்காது, ஆளும் கிடைக்காது. எப்படியோ அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் தளர்வு வந்தது, அதற்குள் தார்ப்பாயைப் போட்டு மூடிய குவியலே புழுங்கிவிட்டது.

முதலமைச்சர் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார். ஏக்கர் கணக்கில் எட்டாயிரம் சொச்சம். வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது பெரிய காசு. ஆனால் கணக்கெடுப்பு, கூட்டாய்வு, பட்டியல், திருத்திய பட்டியல் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு அலுவலகத்தில் கேட்டால் "நிதி ஒதுக்கீடு வரலை" என்றார்கள். இன்னொன்றில் "பில் போட்டாச்சு" என்றார்கள். யார் சொல்வது நிஜம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய கம்பெனிகளுக்கு என்றால் சபையில் ஒரு நாளில் கை தூக்கி முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் கடைசியாக வரும் எங்களுக்குக் காசும் கடைசியாகத்தான் வருமா?

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

உங்கள் வருத்தம் நியாயமானது. எங்கே தாமதம் என்று பிரித்துப் பார்த்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பேரிடர் நிவாரணத்துக்கு மாநிலப் பேரிடர் மீட்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75, மாநில அரசு 25 பங்கு. வருடத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் அதற்கு இடம் உண்டு. ஆகவே சாதாரண அளவு நிவாரணத்துக்குச் சபைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிதியின் வழிகாட்டு அளவு அப்போது, பாசனப் பயிருக்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால், ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்தான். அதுவும் ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரை. அரசு 20,000 அறிவித்தால் மேலே உள்ள 3,000 மாநிலத்தின் சொந்தப் பணம். அந்த மேல்பணத்துக்குத் தலைப்பில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாநில எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, பிறகு துணை மதிப்பீட்டில் (மாநிலத்தில் துணை மானியக் கோரிக்கை வருவது இந்தப் பெயரில்தான்) சபையின் ஒப்புதலோடு அதைத் திருப்பி வைக்க வேண்டும். 267ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. மத்திய அரசும் தன் எதிர்பாராச் செலவு நிதியை 2021இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடியாக உயர்த்தியது. சபை கூடாத நாளில் வெள்ளமும் நோயும் வந்தால் கை கட்டி நிற்கக் கூடாது என்பதற்குத்தான்.

ஆகவே சபை ஒப்புதல் வரவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இப்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். சம்பா, தாளடி அறுப்பு எப்போது? ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பொங்கலுக்குப் பின் மழை பெய்தால் சேதம் அப்போதுதான். அரசின் நிதியாண்டு முடிவது மார்ச் 31. பிப்ரவரியில் அறிவித்து, கணக்கெடுப்பு முடிந்து, பட்டியல் வந்து சேருவதற்குள் மார்ச் கடைசி வாரம் ஆகிவிடும். அதற்குள் பில் பாஸ் ஆகவில்லை என்றால் அந்த வருட அனுமதி காலாவதி. ஏப்ரலில் புது வருட ஒதுக்கீட்டில் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

மார்ச் 31 மாலை சார்நிலைக் கருவூலத்தில் நின்றிருந்தால் உங்களுக்குப் புரியும். மேஜை தெரியாத அளவுக்கு பில் கட்டுகள் குவிந்திருக்கும். எல்லாத் துறை ஆட்களும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பில்லில் கணக்குத் தலைப்பு எண் ஒன்று மாறியிருந்தால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், அதற்குப் பின்னால் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது அந்தக் காகிதத்தில் எழுதியிருக்காது. இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது, ஆனாலும் அந்தத் தேதி மாறவில்லை. டெல்டாவின் அறுப்புக் காலமும் அரசின் கணக்கு முடிக்கும் காலமும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுகின்றன. நம் பகுதிக்கு இது தனிப்பட்ட பிரச்சினை. பயிர் ஜூனில் அழிகிற மாவட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுக்கு முன்னால் ஒன்பது மாதம் இருக்கிறது.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

ஐயா, இத்தனை வருடத்தில் இதை எங்களுக்கு யாரும் இப்படி எடுத்துச் சொன்னதில்லை. "ஏப்ரல்ல பாருங்க" என்று ஏன் சொன்னார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

தென்னந்தோப்பு (பேராவூரணி)

கஜா புயலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை நெல் மாதிரி இல்லை, அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ள முடியாது. காய்க்க வருடக்கணக்கில் ஆகும். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று மாநில அரசு அறிவித்தது.

மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் ஆனது 1,146 கோடி சொச்சம். கேட்டதை அப்படியே எந்த அரசும் தராது, தெரியும். ஆனால் இந்த இடைவெளி யார் தலையில்? மாநிலம் தன் பணத்தில் எவ்வளவு செய்கிறதோ அது சட்டமன்றத்தின் அனுமதியோடு வர வேண்டும். மத்திய அரசு கூடுதலாகத் தர நினைத்தால், அதற்கு ஒதுக்கியது போதாவிட்டால், நாடாளுமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை கொண்டுவர வேண்டும். நிதி இல்லை என்று சொல்கிற இடத்தில் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு ஏன் துணை மானியம் கேட்கவில்லை என்பது. உரத்துக்கு ஒரு லட்சம் கோடி கேட்க முடிகிறது என்றால் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இன்னொன்றும் சொல்ல ஆசை. நிதி அமைச்சராக இருந்து இதே கோரிக்கைகளை மக்களவையில் நின்று கேட்ட ஆர். வெங்கட்ராமன் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்தவர். 1980 முதல் 82 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்த விஷயம் நமக்குத் தூரமானது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நூறுநாள் (திருத்துறைப்பூண்டி)

உரக்கடை அண்ணன் சொன்ன உதாரணத்தில் போர் வந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் துணைக் கோரிக்கையும் அப்படி இல்லை. எதிர்பார்க்க முடிந்ததையே குறைத்து வைத்துவிட்டு, பிறகு வந்து கேட்பதும் நடக்கிறது.

நூறு நாள் வேலைக்கு 2022-23 பட்ஜெட்டில் 73,000 கோடி வைத்தார்கள். அது போதாமல் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடி ஆனது. அவ்வளவு தேவைப்பட்டது என்று கண்ணால் பார்த்த பிறகு, 2023-24க்கு எவ்வளவு வைத்தார்கள்? 60,000 கோடி. அந்த டிசம்பரில் துணை மானியக் கோரிக்கையில் மேலும் 14,524 கோடி கேட்டார்கள். கடைசியில் திருத்திய மதிப்பீடு 86,000 கோடி. பிப்ரவரியில் குறைத்துக் காட்டினால் நிதிப் பற்றாக்குறை குறைவாக, அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

கணக்கில் கடைசியில் சரியாகிவிடுகிறதே, என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். நடுவில் பணம் தீர்ந்துபோகும் மாதங்களில் கூலி வராது. எங்கள் பக்கம் நிலமில்லாதவர்கள் அதிகம். நடவு முடிந்து அறுப்பு வரும் வரை வயலில் வேலை இருக்காது, அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் இந்தக் கூலிதான் அடுப்பு எரிய வைத்தது. வாய்க்கால் வெட்டிய அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கத் திரும்பத் திரும்ப ஊரிலிருந்து நடந்து வந்து போவார். துணை மானியம் பிறகு நிறைவேறி அரியர் வந்தது சரி, அதற்குள் வட்டிக்கு வாங்கியதை யார் தருவது?

உரக்கடை (குடவாசல்)

இதில் உங்களோடு நிற்கிறேன். விலையேற்றம், போர், புயல், வெள்ளம் இதற்கெல்லாம் துணைக் கோரிக்கை வருவது அரசு முறையாக நடக்கிறது என்பதற்கு அடையாளம். போன வருடம் எவ்வளவு ஆயிற்று என்று தெரிந்துகொண்டே குறைத்து வைப்பது வேறு. இரண்டையும் ஒரே வார்த்தையில் திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாது.

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

இதற்கு நேர் எதிரான தப்பும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கேட்டு வாங்குவார்கள், வருடம் முடிந்த பிறகு பார்த்தால் முதலில் வாங்கியதே முழுசாகச் செலவாகியிருக்காது. தேவையில்லாமல் பெற்ற துணை மானியம் என்று தணிக்கை அறிக்கையில் தனித் தலைப்பே உண்டு. மத்திய அரசு, மாநில அரசு இரண்டின் அறிக்கைகளிலும் பார்க்கலாம். ஒரு துறை வாங்கி வைத்துக்கொண்டு செலவழிக்காமல் விட்டது, இன்னொரு துறையில் ஒரு கூலிக்காரருக்குப் போக வேண்டியது. மார்ச் கடைசியில் ஒப்படைத்தால் அது யாருக்கும் பயன்படாது.

அரசலாறு (காரைக்கால்)

எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். காரைக்காலும் காவிரி டெல்டாதான். காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி தண்ணீர் எங்கள் வயலுக்குத்தான் வர வேண்டும். அதே மழை, அதே சேதம், ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு அரசு. எங்களுக்குச் சட்டமன்றம் உண்டு, ஆனால் மாநிலம் இல்லை. 1963ஆம் வருட யூனியன் பிரதேசச் சட்டப்படி நடக்கிறது. பட்ஜெட்டைச் சபையில் வைக்கும் முன்பே மத்திய அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். திருவாரூர் மாவட்டத்துக்கு ஒரு தொகை அறிவித்தால் எங்கள் ஆட்கள் மறுநாளே "நமக்கு எவ்வளவு" என்று கேட்பார்கள். பதில் சொல்ல எங்கள் அரசுக்கு ஒரு படி அதிகம் ஏற வேண்டியிருக்கிறது. இது அதிகாரிகள் மேல் குறை இல்லை, அமைப்பே அப்படி.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அடுத்த கேள்வி. நம் பக்கத்து எம்.பி.க்கள், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை உறுப்பினர்கள், இந்த விவாதத்தில் எழுந்து டெல்டா பிரச்சினையைப் பேச முடியுமா? பேசினால் பலன் உண்டா?

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

முடியும், ஒரு கட்டுப்பாட்டோடு. மக்களவை விதி 216 சொல்வது: துணைக் கோரிக்கை விவாதம் அந்தத் தாளில் உள்ள இனங்களைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும். மூல மானியத்தையோ அதன் கொள்கையையோ, இந்த இனத்தை விளக்கத் தேவையான அளவுக்கு மேல் பேசக் கூடாது. ஆனால் உரம் இருக்கிறதா, உணவு மானியம் இருக்கிறதா, ஊரக வேலை இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். உரம் என்ற வரி தாளில் இருந்தால் டிஏபி ஏன் சம்பா நேரத்தில் கிடைக்கவில்லை என்று கேட்கலாம். உணவு மானியம் இருந்தால் நெல் கொள்முதலைப் பேசலாம், திறந்தவெளியில் நனையும் மூட்டையைப் பேசலாம். தாளைப் படித்துவிட்டுப் போகிற உறுப்பினருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

மாநிலத்தில் விவாதத்துக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. எனக்கு இதில்தான் மிகப் பெரிய வருத்தம். பட்ஜெட்டுக்கு வாரக்கணக்கில் பேசுகிறார்கள், அதே அளவு அதிகாரமுள்ள இந்தக் கோரிக்கைகள் கூட்டத்தொடரின் கடைசி நாளில், கூச்சலுக்கும் வெளிநடப்புக்கும் நடுவே நிறைவேறிவிடுகின்றன. 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வருடம். பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், திருத்திய பட்ஜெட் ஆகஸ்ட் 13இல், மறுநாள் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். நடுவில் ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாயிற்று, 65.11 கோடியில் தூர்வாரும் பணி நடந்தது, 61.09 கோடிக்குக் குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தார்கள். ஆறு சபையின் தேதிக்காகக் காத்திருக்காது. அப்படிப்பட்ட வருடங்களில் எந்தச் செலவு எந்த அனுமதியில் போனது என்று கேட்பதற்குச் சபையில் ஒருவராவது இருக்க வேண்டும்.

மன்னார்குடி மாணவி

அந்தத் தாள் எங்கே கிடைக்கும் ஐயா? பொதுமக்கள் பார்க்கலாமா?

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

தாராளமாக. மத்திய அரசுடையது நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் இருக்கிறது. மாநிலத்துடையது நிதித்துறை இணையதளத்தில் துணை மதிப்பீடுகள் என்று வரும். முதலில் மிரட்டும், நீள நீளமான கணக்குத் தலைப்பு எண்கள். அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் கீழே எதற்காகக் கூடுதல் தொகை என்று இரண்டு மூன்று வரி விளக்கம் இருக்கும். நீர்வளம், வேளாண்மை, இயற்கைச் சீற்றத் துயர்தணிப்பு, கூட்டுறவு, உணவு இந்த ஐந்தை மட்டும் படித்தாலே டெல்டாவுக்கு வருவதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்கள் எப்போதும் "பணம் எப்போ வரும்" என்றுதான் கேட்போம். "விரைவில்" என்று பதில் வரும். இனிமேல் என்ன கேட்க வேண்டும் என்று ஐயா எழுதித் தந்தால் எங்கள் சங்கத்து ஆட்களுக்குக் கொடுப்பேன். புயல் சேதம் வந்துவிட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

பழைய கருவூலக்காரர் (கும்பகோணம்)

எழுதித் தருகிறேன். அறிவிப்பு வந்ததும் முதலில் அரசாணை எண்ணும் தேதியும் கேளுங்கள். அரசாணை வரவில்லை என்றால் அது இன்னும் அறிவிப்பு மட்டுமே. அரசாணையில் கணக்குத் தலைப்பு இருக்கும், அதில் பேரிடர் நிதி எவ்வளவு, மாநிலத்தின் சொந்தப் பணம் எவ்வளவு என்று கேளுங்கள். சொந்தப் பணம் இருந்தால், அது இந்த வருட ஒதுக்கீட்டிலா, எதிர்பாராச் செலவு நிதி முன்பணத்திலா, துணை மதிப்பீட்டிலா என்று கேளுங்கள். பிப்ரவரி, மார்ச் சேதம் என்றால் மார்ச் 31க்குள் பில் கருவூலத்துக்குப் போய்விடுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் சொல்ல வேண்டிய அதிகாரிக்கு அதற்கு மேல் "விரைவில்" என்று சொல்ல முடியாது.

தென்னந்தோப்பு (பேராவூரணி)

இதோடு ஒன்றைச் சேர்க்கலாம். அறுப்புக் காலச் சேத நிவாரணம் மார்ச் 31க்குள் பட்டுவாடா ஆகாவிட்டால், புதிய நிதியாண்டின் முதல் மாதத்திலேயே அதற்குத் தனி ஒதுக்கீடு தானாக வர வேண்டும் என்று டெல்டா மாவட்ட எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் கட்சி பார்க்காமல் சேர்ந்து சபையில் கேட்க வேண்டும். நான் எங்கள் தொகுதியில் மனு கொடுக்கத் தயார். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறையிலிருந்து யார் யார் சேருகிறீர்கள்?

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

நாகை மாவட்டத்துக்கு நான் இருக்கிறேன். மனுவின் வரைவை இங்கேயே போடுங்கள், ஐயா ஒரு தடவை பார்த்துத் தரட்டும்.

நூறுநாள் (திருத்துறைப்பூண்டி)

திருவாரூருக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவில் நிலமுள்ளவர் பெயர் மட்டும் போட வேண்டாம். பயிர் அழிந்தால் அறுப்புக் கூலி இழந்தவர்களுக்கும் அதே தேதிக் கணக்குதான், அவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். அதை நான் எழுதி நாளைக்கு இங்கே போடுகிறேன்.